பள்ளிக்கரணைக்காக ஒரு தளம் செய்திருக்கிறோம், பார்த்துச் சொல்லுங்கள்

கோரைப்புல்:
எல்லாருக்கும் வணக்கம். தென்சென்னையில் ஒரு கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் சூழல் மன்றத்தில் பதினோரு பேர். பள்ளிக்கரணை சதுப்புநிலத்தைக் காக்க ஒரு பிரச்சாரத் தளம் செய்திருக்கிறோம். மூன்று வார வேலை. அதில் பாதி ஹாஸ்டல் வைஃபையோடு போட்ட சண்டை. லிங்க் என் கையொப்பத்தில் இருக்கிறது. முகப்பு, வரலாறு, பறவைகள், படத்தொகுப்பு, கடைசியில் கையெழுத்து மனு, அவ்வளவுதான். பேராசிரியர்கள் எல்லாரும் "சூப்பர்" என்றுவிட்டார்கள். அதனால்தான் சந்தேகம் வந்து இங்கே போடுகிறேன். பிப்ரவரி 2, உலக ஈரநில நாளன்று வெளியிடுவதாகத் திட்டம். அதற்குள் திருத்த நேரம் இருக்கிறது. தயவுதாட்சண்யம் பார்க்க வேண்டாம்.

உள்ளான்:
பத்துப் பன்னிரண்டு வருடமாக அந்தப் பக்கம் பைனாகுலரும் கையுமாகத் திரிகிறவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

முகப்பில் முழுத்திரைக்கு ஒரு பூநாரை (ஃபிளமிங்கோ) கூட்டம் வைத்திருக்கிறீர்கள். அழகான படம்தான். ஆனால் அது நம் ஊர்ப் பூநாரை இல்லை. கரீபியன் பக்கத்துப் பறவை. உடம்பு முழுக்கச் செக்கச்செவேல் என்றிருக்கும். பள்ளிக்கரணைக்கு வருவது பெரும் பூநாரை. தூரத்தில் பார்த்தால் வெள்ளை, இறக்கை விரித்தால்தான் சிவப்பு தெரியும். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, சதுப்பை ஒட்டிப் போகும் ரேடியல் சாலையில் வண்டியை நிறுத்தி எட்டிப் பார்க்கிறவன், "எங்கேடா சிவப்பு?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுவான். அவனுக்கு நீலத்தாழைக்கோழியைக் காட்டுங்கள். கோரைக்குள்ளிருந்து சாவகாசமாக நடந்து வரும், நீலமும் ஊதாவுமாக, நெற்றியில் சிவப்புப் பட்டையோடு. அது பெரும்பாலான நாட்களில் கண்ணில் படும். அங்கே உண்மையில் பார்க்கக் கிடைப்பதை முன்னால் வையுங்கள்.

அடுத்தது எண்கள். முகப்பில் "700 ஹெக்டேர்", வரலாற்றுப் பக்கத்தில் "1,247 ஹெக்டேர்". படிப்பவருக்கு ஒன்று பொய் என்று தோன்றும். இரண்டுமே சரிதான், ஆனால் இரண்டும் வேறு வேறு. காப்புக்காடாக அறிவித்த பகுதி சுமார் 700 ஹெக்டேர். 2022-இல் ராம்சார் தலமாக, அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலமாக, அறிவித்தபோது போட்ட எல்லை 1,247.54 ஹெக்டேர். அந்த எல்லைக்குள் காப்புக்காடு அல்லாத நிலமும் வருகிறது, தகராறெல்லாம் அங்கேதான். இதை இரண்டே வரியில் எழுதிவிடலாம். கூடவே ஏக்கரிலும் சொல்லுங்கள். 3,080 ஏக்கர் சொச்சம் என்றால் எங்கள் தெருக்காரருக்கு உடனே புரியும்.

"ராம்சார் என்ற சூழலியல் அறிஞரின் பெயரால்" என்று ஒரு வரி பார்த்தேன். யார் எழுதினீர்களோ, அவருக்கு என் அன்பு. ராம்சார் ஒரு ஊர். ஈரானில், காஸ்பியன் கடலோரம். 1971 பிப்ரவரி 2-ஆம் தேதி அங்கேதான் ஈரநிலங்களைக் காக்கும் உடன்படிக்கை கையெழுத்தானது. நீங்கள் வெளியிடப் போகிற நாளே அதுதான்!

கோரைப்புல்:
அண்ணா, ராம்சார் அறிஞரை எழுதியது நான்தான். இலவசப் பட தளத்தில் பூநாரை என்று தேடி முதலில் வந்ததை எடுத்துப் போட்டதும் நான்தான். இரண்டையும் இன்றே எடுத்துவிடுகிறேன். எங்களில் ஒருத்தி எடுத்த நீலத்தாழைக்கோழிப் படம் இருக்கிறது, கொஞ்சம் மங்கல். பரவாயில்லையா?

உள்ளான்:
மங்கலாக இருந்தால் என்ன, அங்கே எடுத்தது. போடுங்கள். ஆனால் அப்படியே ஏற்றாதீர்கள். உங்கள் படத்தொகுப்பில் ஒவ்வொரு படமும் கேமராவிலிருந்து வந்த கனத்திலேயே இருக்கிறது, ஆறு ஏழு எம்பி. என் போனில் அந்தப் பக்கம் திறக்குமுன் காபி குடித்து முடித்துவிட்டேன். சுருக்கி 200 கேபிக்குள் கொண்டுவந்தாலும் போன் திரையில் வித்தியாசம் தெரியாது.

பழைய_அச்சுக்காரர்:
நான் முப்பது வருடம் டிடிபி, அதாவது கணினியில் அச்சுப் பக்கம் அமைக்கும் வேலை பார்த்தவன். பறவை பற்றி எனக்குக் காக்கா தெரியும், அவ்வளவுதான். எழுத்து பற்றிச் சொல்கிறேன்.

முதலில், பத்திகளை இரண்டு பக்கமும் நேராக ஒழுங்கு செய்திருக்கிறீர்கள். அச்சுப் புத்தகத்தில் சரி. போன் திரையில் தமிழுக்கு அது ஆகாது. நம் சொற்கள் நீளம். "ஆக்கிரமிக்கப்பட்டுக்கொண்டிருக்கும்" என்று ஒரு சொல் வந்தால் ஒரு வரியே முடிந்துபோகிறது. அதற்கு முந்தின வரியில் மிச்சமிருக்கிற இரண்டு சொல்லுக்கு நடுவில் லாரி போகலாம். இடது பக்கம் மட்டும் நேராக விடுங்கள். வரிக்கு வரி இடைவெளியையும் கூட்டுங்கள். ஆங்கிலத்துக்கு வைத்த அளவையே தமிழுக்கும் வைத்தால் மேல் வரியின் 'ழு'வும் கீழ் வரியின் 'கி'யும் முட்டிக்கொள்கின்றன.

இரண்டாவது, உங்கள் போஸ்டர். "கொக்குகளின் வீடு" என்று எழுதப் போய், கொம்பு 'க'வுக்குப் பின்னால் போய் நிற்கிறது, நடுவில் ஒரு புள்ளி வட்டம். டிசைன் மென்பொருளில் இந்திய மொழிகளுக்கான அமைப்பை ஆன் செய்யாவிட்டால் இப்படித்தான் வரும். தமிழைக் காக்கிற போஸ்டராக இல்லாவிட்டாலும் தமிழில் போட்ட போஸ்டர் அல்லவா.

மூன்றாவது, "அறிக்கையைப் பதிவிறக்குக" என்று ஒரு பிடிஎஃப். அதைத் திறந்து ஒரு வரியை காப்பி செய்து ஒட்டிப் பார்த்தேன். ஆங்கில எழுத்துக் குப்பை வந்தது. யாரோ பழைய காலத்து எழுத்துருவில் அடித்துக் கொடுத்திருக்கிறார்கள். கண்ணுக்குத் தமிழ், கணினிக்கு அது தமிழே இல்லை. யாரும் தேடிக் கண்டுபிடிக்க முடியாது, எந்தப் பத்திரிகைக்காரரும் அதிலிருந்து இரண்டு வரி எடுத்துப் போட முடியாது. எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு எழுத்துக்கு மாற்றுங்கள். மாற்றித் தரும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றிய பிறகு ஒரு தடவை முழுக்கப் படியுங்கள், ர-வும் கால் வாங்கிய எழுத்துகளும் இடம் மாறியிருக்கும்.

செவிவழி:
எனக்குப் பார்வை இல்லை. போனில், திரையில் இருப்பதைக் குரலில் வாசிக்கும் டாக்பேக் வைத்துப் படிக்கிறேன். உங்கள் தளத்தில் எனக்குக் கிடைத்ததைச் சொல்கிறேன்: "படம். படம். படம். பட்டன். படம்."

முகப்பில் முக்கியமான செய்தியெல்லாம் படத்துக்குள் எழுத்தாக இருக்கிறது போலிருக்கிறது. படத்துக்குள் இருக்கிற எழுத்தை என் போன் படிக்காது. படத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லும் மாற்று உரையும் கொடுக்கவில்லை. வரலாற்றுப் பக்கத்தில் நிஜ எழுத்து இருந்தது, ஆனால் அதை ஒரு ஆங்கிலக் குரல் வாசிக்க முயன்று தடுமாறியது. பக்கத்தின் மொழி ஆங்கிலம் என்று குறித்து வைத்திருக்கிறீர்கள். அதைத் தமிழ் என்று மாற்றினால் தமிழ்க் குரல் எடுத்துக்கொள்ளும். ஒரே ஒரு வரி வேலை.

ஒன்று மட்டும் எனக்கு ரொம்பப் பிடித்தது. படத்தொகுப்பின் அடியில் ஒரு ஒலிப்பதிவு. வயதான ஒருவர், மழை எந்தெந்த ஏரியிலிருந்து எப்படி வந்து சதுப்பில் விழும் என்று சொல்கிறார். பின்னணியில் தவளைச் சத்தம். மூன்று நிமிஷம். இரண்டு தடவை கேட்டேன். இதை ஏன் ஒளித்து வைத்திருக்கிறீர்கள்?

கோரைப்புல்:
அது எங்களில் ஒருவனுடைய தாத்தா. சின்ன வயதில் அங்கே மீன் பிடித்தவர். அதோடு சேர்ந்து போக ஒரு வரைபடமும் வரைந்தோம், நீர் வரும் வழி. எங்கே வைப்பதென்று தெரியாமல் கடைசியில் போட்டோம். மாற்று உரை எழுத ஆரம்பித்துவிட்டேன் அக்கா. முன்பே யோசித்திருக்க வேண்டும்.

செவிவழி:
அண்ணன் என்று சொல்லுங்கள் தம்பி :) பெயரைப் பார்த்தால் குழப்பம்தான்.

பூட்டுச்சாவி:
கோரைப்புல், உங்களுக்குத் தனிச்செய்தி அனுப்பியிருக்கிறேன். மற்றதைப் பிறகு பேசலாம், முதலில் அதைப் பாருங்கள். அவசரம்.

கோரைப்புல்:
பார்த்தேன். சரிசெய்துவிட்டேன். கை நடுங்குகிறது.

பூட்டுச்சாவி:
இப்போது மூடிவிட்டார்கள் என்பதால் வெளிப்படையாகவே எழுதுகிறேன், மற்ற மாணவர் குழுக்களுக்கும் உதவும்.

மனுப் படிவத்தில் கையெழுத்திட்டதும் "நன்றி" என்று ஒரு பக்கம் வருகிறது. அதில் "இதுவரை கையெழுத்திட்டவர்கள்" என்று ஒரு லிங்க். அதைத் தட்டினால் முழு விரிதாளும் திறந்தது. பெயர், போன் நம்பர், பிறந்த தேதி, வீட்டு முகவரி, 214 பேருடையது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், இறக்கிக்கொள்ளலாம். பிறந்த தேதியைப் பார்த்தால் பாதிப் பேர் பள்ளிப் பிள்ளைகள்.

இந்தத் தம்பிகள் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. எண்ணிக்கையைக் காட்ட ஆசைப்பட்டிருக்கிறார்கள். ஆனால் இவர்கள் எதிர்க்கப் போவது ரியல் எஸ்டேட் பணத்தை. அந்தப் பட்டியல் தவறான கையில் கிடைத்தால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

படிவத்தில் எதற்குப் பிறந்த தேதி? எதற்கு வீட்டு முகவரி? பெயரும் பின்கோடும் போதும், அந்த வட்டாரத்தில் எத்தனை பேர் என்று காட்டிவிடலாம். தொடர்பு வேண்டுமென்றால் மின்னஞ்சலை மட்டும் கேளுங்கள், அதுவும் கட்டாயமில்லை என்று போடுங்கள். 2023-இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், எதற்காகக் கேட்கிறோம் என்று சொல்லி ஒப்புதல் வாங்கச் சொல்கிறது. 18 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோர் ஒப்புதல். சட்டத்துக்குப் பயந்து செய்ய வேண்டாம். நம்பிக் கொடுத்தவர்களுக்காகச் செய்யுங்கள்.

கோரைப்புல்:
பழைய விரிதாளை அழித்துவிட்டோம். 214 பேருக்கும் "உங்கள் விவரம் சில நாள் வெளியே தெரிந்திருக்கலாம், மன்னியுங்கள்" என்று அனுப்பினோம். மூன்று பேர் திட்டினார்கள். ஒரு அம்மா போன் செய்து மகளின் பெயரை எடுக்கச் சொன்னார், எடுத்தாயிற்று.

ஏரிக்கரைத்_தென்றல்:
இவ்வளவு நுணுக்கம் தேவையா? மாணவர்கள் ஏதோ நல்லது செய்ய வருகிறார்கள். எழுத்துரு, கேபி, சட்டம் என்று பயமுறுத்தினால் அடுத்த முறை எவனும் வரமாட்டான். உள்ளடக்கம் நன்றாக இருக்கிறது. "ஆக்கிரமிப்பாளர்களே, வெளியேறுங்கள்!" என்ற தலைப்பைப் பார்த்ததும் எனக்குப் புல்லரித்தது. இந்தக் கோபம்தான் வேண்டும்.

நாராயணபுரம்_வாசி:
எனக்கும் புல்லரித்தது, வேறு காரணத்துக்கு. மேலே யாருமே தொடவில்லை என்பதால் நான் தொடுகிறேன். இந்தக் குழுவில் ரொம்ப நாளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தவன். எழுதுவது இதுதான் முதல் தடவை.

நான் அந்த ஆக்கிரமிப்பாளன். அதாவது உங்கள் வரைபடத்தில் சிவப்பு கோடு போட்ட இடத்தில் எனக்கு ஒரு வீடு. 2009-இல் வாங்கினேன். பத்திரம், பட்டா, வங்கிக் கடன், எல்லாம் இருக்கிறது. வங்கி வக்கீல் பார்த்து ஓகே சொன்ன நிலம். இன்னும் தவணை கட்டுகிறேன். அது நீர் வரும் வழி என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. 2015 டிசம்பரில் தண்ணீர் சொன்னது. 2023-இல் மிக்ஜாம் புயலின்போது மறுபடியும் சொன்னது, இந்தத் தடவை மின்விசிறி வரைக்கும். மாடியில் மூன்று நாள் இருந்தோம். என் ஸ்கூட்டர் பக்கத்துத் தெருவில் கிடைத்தது.

போன வருடம் செப்டம்பரில், 2025-இல், சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் உத்தரவு வந்தது. ராம்சார் எல்லைக்குள்ளும் அதைச் சுற்றி 1 கிலோமீட்டருக்கும் கட்டட அனுமதி தரக்கூடாது என்று. தண்ணீருக்குப் பயந்து மேலே ஒரு அறை எடுக்கலாம் என்று இருந்தேன், அதுவும் நின்றது. நான் அந்த உத்தரவைத் தப்பு என்று சொல்லவில்லை. சதுப்பு இருந்தால்தான் என் வீட்டுக்குள் தண்ணீர் வராது என்பது இப்போது எனக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும். உங்கள் தளம் பேச வேண்டிய ஆள் நான்தான். என்னைத்தான் முதல் வரியிலேயே வெளியே போகச் சொல்கிறீர்கள்.

கோரைப்புல்:
ஐயா, உங்களை மாதிரி ஆட்களை நினைத்து எழுதவில்லை. பெரிய கட்டடங்களை, கம்பெனிகளை நினைத்து...

நாராயணபுரம்_வாசி:
புரிகிறது தம்பி. ஆனால் பெரிய கட்டடக்காரர் உங்கள் தளத்தைப் படிக்கப் போவதில்லை. நான் படித்தேன்.

ஏரிக்கரைத்_தென்றல்:
சரி, இதை நான் யோசிக்கவில்லை. புல்லரிப்பை வாபஸ் வாங்குகிறேன்.

உள்ளான்:
நாராயணபுரத்தார் சொன்னதோடு சேர்த்து என் பங்குக்கு ஒன்று. மனுவில் "அரசு உடனடியாக நடவடிக்கை எடுக்க வேண்டும்" என்று இருக்கிறது. எந்த அரசு, எந்த அலுவலகம்? அந்த இடத்தில் நாலைந்து பேர் ஆளுகிறார்கள். காப்புக்காடு வனத்துறையிடம். பெருங்குடி குப்பைமேடு மாநகராட்சியிடம். 2022 ஏப்ரலில் தீப்பிடித்து நாள்கணக்கில் புகைந்ததே, அது. சதுப்பின் நீர் வெளியேறுகிற ஒக்கியம் மடுவும் பக்கிங்காம் கால்வாயும் நீர்வளத் துறையிடம். கட்டட அனுமதி சிஎம்டிஏ, அதாவது சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்திடம். இதற்கெல்லாம் மேல் மாநில ஈரநில ஆணையம். பொதுவாக எழுதினால் ஆளாளுக்கு "இது எங்களுடையது இல்லை" என்று அடுத்த மேஜைக்குத் தள்ளிவிடுவார்கள். நான் ஒரு தடவை மனு கொடுக்கப் போய் ஒரே நாளில் மூன்று படிக்கட்டு ஏறி இறங்கியவன்.

மாநகராட்சிக்குக் குப்பை பற்றி மட்டும் ஒரு கேள்வி. நீர்வளத் துறைக்கு மடுவு தூர் வாருவது பற்றி மட்டும். ஈரநில ஆணையத்துக்கு, எல்லையைத் தரையில் அளந்து, சர்வே எண்ணோடு மக்கள் பார்க்கிற மாதிரி வெளியிடச் சொல்லி. 2017 ஈரநில விதிகளில் குப்பை கொட்டுவது, சுத்திகரிக்காத கழிவுநீரை விடுவது, ஆக்கிரமிப்பது மூன்றும் தடை என்று நேராகவே இருக்கிறது. அந்த விதியின் எண்ணைப் போட்டுக் கேளுங்கள். அப்போது "பரிசீலிக்கப்படும்" என்று எழுதுவதற்கு முன் கொஞ்சம் யோசிப்பார்கள்.

எல்லை வெளியிடச் சொல்கிற மனுவில் நாராயணபுரத்தாரே கையெழுத்துப் போடுவார் என்று நினைக்கிறேன்.

நாராயணபுரம்_வாசி:
அதற்கு நான் முதல் கையெழுத்து. 2009-இல் அந்தப் பட்டியல் இருந்திருந்தால் வாங்கியிருக்கவே மாட்டேன்.

கோரைப்புல்:
நேற்று ராத்திரி எல்லாரும் உட்கார்ந்தோம். நிறைய சண்டை. தலைப்பை எழுதியவன் கோபத்தில் ஒரு மணி நேரம் பேசவில்லை. கடைசியில் அவனே ஒன்று சொன்னான். இப்போது முகப்பில் படமே இல்லை. வரைபடம் இருக்கிறது. மேலே:

"உங்கள் தெருவில் பெய்யும் மழை எங்கே போகிறது?"

கீழே தாத்தாவின் ஒலிப்பதிவு, அதன் எழுத்து வடிவம். கீழ்க்கட்டளை, நாராயணபுரம் ஏரிகளின் உபரி நீர் சதுப்புக்கு வந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் சேர்ந்து, கோவளம் பக்கம் கடலுக்குப் போகிற வரை கோடு. மொத்தம் சுமார் 250 சதுர கிலோமீட்டர் பரப்பில் விழுகிற மழை இந்த ஒரு பள்ளத்தைத்தான் நம்பியிருக்கிறது என்று ஒரு வரி. சிவப்பு கோட்டை எடுத்துவிட்டோம். மனு மூன்றாகப் பிரிந்துவிட்டது. முகப்பு இப்போது 600 கேபி. அண்ணன்மார் எல்லாரும் மறுபடி பார்க்க முடியுமா?

செவிவழி:
பார்த்தேன், அதாவது கேட்டேன். தமிழில் வாசிக்கிறது. வரைபடத்துக்கு எழுதிய மாற்று உரையில் ஏரிகளை வரிசையாகச் சொல்லியிருப்பது அருமை, கண் இருப்பவர்களுக்கே அது உதவும். ஒரு குறை. மனுவின் அடியில் பட்டன் "சமர்ப்பி" என்கிறது. வாத்தியார் அதட்டுகிற மாதிரி இருக்கிறது.

பழைய_அச்சுக்காரர்:
"கையெழுத்திடுகிறேன்" என்று போடுங்கள். நீளமாக இருந்தால் பட்டனைப் பெரிதாக்குங்கள், சொல்லைச் சுருக்காதீர்கள். மற்றபடி வரி இடைவெளி நன்றாக வந்திருக்கிறது. வெளிர்பச்சை எழுத்து வெள்ளைப் பின்னணியில் என் வயசுக் கண்ணுக்குத் தெரியவில்லை, கரும்பச்சை ஆக்குங்கள்.

நாராயணபுரம்_வாசி:
வரைபடத்தைப் பெரிதாக்கி என் தெருவைத் தேடினேன். ஏரியிலிருந்து சதுப்புக்கு ஒரே ஒரு கால்வாய் போட்டிருக்கிறீர்கள். இன்னொன்று இருக்கிறது. எங்கள் தெருக்கோடியில் இரண்டு வீட்டுக்கு நடுவில் நுழைந்து, மேலே சிலாப் போட்டு மூடிவிட்டார்கள். அந்தச் சிலாப் மேல் இப்போது ஒரு இஸ்திரி வண்டி நிற்கிறது. மழை வந்தால்தான் அது கால்வாய் என்று தெரியும். அடியில் எங்கே போகிறது என்று எனக்கும் முழுதாகத் தெரியாது, இஸ்திரிக்காரருக்குத் தெரியும், அவர் எனக்கு முன்பிருந்தே அங்கே இருக்கிறார்.

ஞாயிறு காலை ஆறரைக்கு வந்தால் காட்டுகிறேன். எட்டு மணிக்கு மேல் அவர் கரி போட ஆரம்பித்துவிடுவார், பேச நேரம் இருக்காது. தாத்தா வர முடிந்தால் அவரையும் அழைத்து வாருங்கள். பழைய செருப்பு போட்டு வரவும்.

கோரைப்புல்:
ஆறே காலுக்கே வந்துவிடுவோம் ஐயா. தாத்தா இப்போதே குடையை எடுத்து வைத்துவிட்டாராம், ஜனவரியில் எதற்கு என்று தெரியவில்லை.